நான்கு சேனலில் ஒரு பாட்டு: சிப்டியூன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பாய் என்ற பழைய கையடக்க வீடியோ கேம் கருவியில் இசையமைக்கிறேன் என்று சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். விளையாட்டுப் பொருளில் எப்படிப் பாட்டு என்பதில் தொடங்கி, தோடி ராகம் வருமா என்பது வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இசை இலக்கணமோ மின்னணுவியலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சிப்டியூன் என்றால் என்ன?

பழைய வீடியோ கேம் கருவிகளிலும் வீட்டுக் கணினிகளிலும் இருந்த ஒலி சிப்பையே வாத்தியமாக வைத்துச் செய்யும் இசை. பெரும்பாலும் அதில் பதிவு செய்யப்பட்ட வயலினோ மிருதங்கமோ கிடையாது. பாட்டுக் கோப்பில் இருப்பவை எல்லாம் கட்டளைகள்: இந்த ஸ்வரம், இந்த அலைவடிவம், இவ்வளவு சத்தம், இத்தனை நேரம். அதைப் படித்து சிப் அந்தக் கணத்திலேயே ஒலியை உண்டாக்குகிறது. அதனால்தான் மூன்று நிமிடப் பாட்டு ஒன்று சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

நீங்கள் எதில் வாசிக்கிறீர்கள்?

1989-ல் நின்டெண்டோ வெளியிட்ட முதல் கேம்பாயில். சாம்பல் நிற உடல், பச்சைத் திரை, நான்கு பென்சில் பேட்டரி. சிப்டியூன் கலைஞர்கள் பலர் பின்னால் வந்த மாடல்களை விட்டுவிட்டு இதையே தேடி வாங்குகிறார்கள். காரணம் அடிக்குரல். இந்த முதல் மாடலின் பேஸ் ஒலிக்கு உள்ள கனம், பிறகு வந்த மெலிந்த மாடல்களில் இல்லை.

உள்ளே நான்கு சேனல்கள். முதல் இரண்டும் பல்ஸ் அலை: மேல், கீழ் என்று இரண்டே நிலைகளுக்குள் தாவும் அலை. மூன்றாவது, 32 புள்ளிகளில் நாமே வரைந்து கொடுக்கும் அலை. நான்காவது இரைச்சல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான். ஆகவே எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும், பாட்டில் நான்கு ஒலிகளுக்கு மேல் இருக்கவே முடியாது.

பல்ஸ் அலையின் குணம் அதன் அகலத்தில், அதாவது ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு மேல் நிலையில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. 12.5, 25, 50, 75 என்று நான்கு சதவீதங்கள் தரப்பட்டிருக்கின்றன. 12.5 மெலிந்து, மூக்கொலியாகக் கேட்கும். 50 உள்ளே கூடு விழுந்தாற்போல, கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் வரும். 25-க்கும் 75-க்கும் காதில் வித்தியாசம் தெரியாது. அலை தலைகீழாகிறது, அவ்வளவுதான். ஆக, கையில் இருப்பவை மூன்று நிறங்கள். ஒரு ஸ்வரத்தை 12.5-ல் தொடங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் 50-க்கு மாற்றினால், தந்தியை மீட்டிய மாதிரி ஒரு தொடக்கம் கிடைக்கிறது. எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனது இந்த ஒரு வித்தைக்காகத்தான்.

நான்கே சேனல் என்றால், இவ்வளவு நிறைவாக எப்படிக் கேட்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சற்று நீளமாகவே சொல்கிறேன்.

மேற்கத்திய இசையில் மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்ட் இல்லாமல் பாட்டுக்கு உடம்பு வராது. மூன்று சேனல்களை அதற்கே கொடுத்துவிட்டால் மெட்டுக்கும் தாளத்துக்கும் ஒன்றுதான் மிஞ்சும். அதனால் ஒரே சேனலில் மூன்று ஸ்வரங்களையும் மாற்றி மாற்றி, வினாடிக்கு 50 அல்லது 60 தடவை வாசித்துவிடுவார்கள். சுழலும் விசிறியின் இறக்கைகள் ஒரே வட்டமாகத் தெரிவதுபோல, மூன்றும் கலந்து ஒன்றாகக் கேட்கும். முழுவதும் கலந்துவிடாமல் ஒரு மினுமினுப்பு மிச்சமிருக்கும். ‘வீடியோ கேம் சத்தம்’ என்று எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் இந்த மினுமினுப்பைத்தான். எண்பதுகளில் கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கு எழுதிய ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் இதைத் தங்கள் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது எதிரொலி. கருவியில் எதிரொலி வசதி கிடையாது. ஆனால் மெட்டில் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில், சற்று முன் போன ஸ்வரத்தைச் சத்தம் குறைத்து இன்னொரு முறை வாசித்தால், கேட்பவர் மனதில் ஒரு பெரிய மண்டபம் உருவாகிவிடும். அதே சேனல், அதே அலை. செலவு ஒன்றும் இல்லை.

பிறகு தாளம். பாஸ் டிரம் வேண்டுமென்றால், மூன்றாவது சேனலில் ஓர் உயர்ந்த ஸ்வரத்தைத் தொடங்கி மின்னல் வேகத்தில் கீழே இறக்க வேண்டும். ‘டும்’ என்று விழும். ஆனால் பேஸ் வரியும் அதே சேனலில்தானே ஓடுகிறது? டிரம் விழும் அந்தத் துளி நேரத்துக்கு பேஸ் நின்றுவிடுகிறது. ஆனாலும் அது தொடர்ந்து ஓடியதாகவே நம் காது எடுத்துக்கொள்கிறது. இப்படிக் காது எதை நிரப்பிக்கொள்ளும், எதை நிரப்பாது என்று கணித்து எழுதுவதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி. ஸ்டுடியோ மென்பொருளில் ஐம்பது டிராக் போட்டு வேலை செய்தவர்கள் முதல் முறை இங்கே வந்தால் தவித்துப்போவார்கள். ஒரு ஸ்வரம் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றை எடுத்தாக வேண்டும். எது உண்மையில் தேவை என்று ஒவ்வோர் அடியிலும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கேம்பாயில் எதை அழுத்திப் பாட்டு எழுதுகிறீர்கள்?

அதற்கென்று மென்பொருள் எழுதப்பட்ட, கேம்பாயில் செருகும் கேசட்டுகள் (கார்ட்ரிட்ஜ்) இருக்கின்றன. ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ உருவாக்கிய நானோலூப் 1998-ல் வந்தது. சுவீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே அதையடுத்து, 2000-ஐ ஒட்டி வந்தது. நான் பயன்படுத்துவது இரண்டாவதை. சுருக்கமாக எல்எஸ்டிஜே என்பார்கள்.

இது டிராக்கர் வகை மென்பொருள். இசைத்தாள் இடமிருந்து வலமாகப் போகும். டிராக்கரில் நேரம் மேலிருந்து கீழே இறங்கும். 16 வரிகள் சேர்ந்தது ஒரு ஃப்ரேஸ். ஃப்ரேஸ்களைக் கோத்தால் செயின். செயின்களை நான்கு சேனல்களுக்கும் அடுக்கினால் பாட்டு. எண்கள் எல்லாம் பதினறும முறையில் இருக்கும்: 9-க்கு அடுத்து ஏ, எஃப்-க்கு அடுத்து 10. முதல் வாரம் கண் மிரளும், அப்புறம் பழகிவிடும்.

ஒவ்வொரு வரியிலும் ஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டளை இடலாம். ‘எல்’ போட்டால் முந்தைய ஸ்வரத்திலிருந்து வழுக்கி வரும். ‘வி’ போட்டால் அசையும். ‘சி’ போட்டால் மேலே சொன்ன கார்ட் வித்தை. ‘கே’ போட்டால் ஒலி அறுந்துவிடும். ஒரு நல்ல ஃப்ரேஸைத் திறந்து பார்த்தால் ஸ்வரங்களைவிடக் கட்டளைகளே அதிகம் தென்படும்.

டிராக்கர் பாட்டுகள் பலவும் நிமிடத்துக்கு 125 அல்லது 150 தட்டு என்ற வேகத்திலேயே இருக்கின்றனவே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்தக் காலத்துக் கருவிகளில் பாட்டை நகர்த்தியது தொலைக்காட்சித் திரை. படம் ஒரு முறை புதுப்பிக்கப்படும்போது இசையும் ஒரு அடி நகரும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வினாடிக்கு 60 முறை, ஐரோப்பாவில் 50 முறை. ஒரு வரிக்கு ஆறு அடி, ஒரு தட்டுக்கு நான்கு வரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 60-க்கு நிமிடத்துக்கு 150 தட்டு வரும். 50-க்கு 125 வரும். பின்னால் வந்த டிராக்கர்களும் இந்த எண்களையே இயல்பு வேகமாக வைத்துக்கொண்டன. அமிகா கணினிக்காக 1987-ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்டுடிராக்கரின் வழிவந்தவற்றில் 125. நின்டெண்டோவின் டிவி கேம் கருவிக்கான ஃபேமிடிராக்கரில் 150.

சின்ன வயதில் டிவி கேமில் கேட்ட அதே பாட்டை இணையத்தில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. என் நினைவு தவறா?

நினைவு சரியாகவே இருக்கலாம். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் மஞ்சள் கேசட்டோடு விற்ற டிவி கேம்களில் மிகப் பல, 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அசல் கருவியில் ரிக்கோ நிறுவனத்தின் 2ஏ03 சிப் இருந்தது: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், கூடவே சிறு ஒலிப்பதிவுத் துண்டுகளை வாசிக்க ஒரு சேனல். நகல் எடுத்தவர்கள் சிப்பையும் நகலெடுத்தார்கள். அப்படி வந்த சிப்புகள் சிலவற்றில் பல்ஸ் அகலம் 25-ம் 50-ம் இடம் மாறிப் போயின. ஜப்பானில் மெலிந்து ஒலித்த மெட்டு நம் வீட்டில் தடித்து ஒலித்தது, தடித்தது மெலிந்தது.

வேகமும் மாறியது. அன்றைய இந்தியத் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இருந்தது, வினாடிக்கு 50. அதற்கேற்பச் செய்த நகல்களில், 60-க்காக எழுதப்பட்ட பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 150-ல் போக வேண்டியது 125-ல் போகும். பல நகல்களில் ஸ்ருதி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆக, நீங்கள் கேட்டு வளர்ந்தது ஜப்பானியர் கேட்காத ஒரு வடிவமாகவே இருந்திருக்கலாம். உங்கள் பழைய கருவி இன்னும் பரணில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அதன் ஒலியைப் பதிவு செய்து வையுங்கள். அசல் கருவிகளை ஆவணப்படுத்தப் பலர் இருக்கிறார்கள். நம் கைக்கு வந்த நகல்களைக் கவனிப்பவர்கள் குறைவு.

கர்நாடக ராகம் வாசிக்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லா ஸ்தாயியிலும் ஒரே மாதிரி முடியாது.

மோகனம், ஹம்சத்வனி போன்றவற்றின் உருவம் எளிதில் கிடைத்துவிடும். தோடிதான் பரீட்சை. அதன் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) ஓரிடத்தில் நிற்கக் கூடாது. அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு வழுக்கலும் அசைவும் நுட்பமாகக் கிடைக்க வேண்டும். கேம்பாயின் பல்ஸ் சேனலில் அதிர்வெண் ஒரு சூத்திரத்தால் வருகிறது: 1,31,072-ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தால் கிடைப்பது. 298-ஆல் வகுத்தால் 439.8 ஹெர்ட்ஸ், 297-ஆல் வகுத்தால் 441.3. படிகள் நெருக்கமாக இருப்பதால் இங்கே கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவும் வழுக்கலும், வழுவழுப்பாக வரும். இரண்டு ஸ்தாயி மேலே போங்கள். 1,760 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் கிடைப்பது ஒன்று 1,748, இல்லையென்றால் 1,771. நடுவில் எதுவும் இல்லை. அங்கே கமகம் போட்டால் படிக்கட்டில் தடுக்கி விழுந்ததுபோல் கேட்கும்.

கீழேயும் ஓர் எல்லை உண்டு: பல்ஸ் சேனல் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. ஆகவே ராக ஆலாபனைக்கு மத்திய ஸ்தாயியும் அதன் அக்கம்பக்கமும்தான் வசதி. தம்புராவை மூன்றாவது சேனலுக்குக் கொடுக்கலாம். அது 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்தச் சேனலில் சத்தத்துக்கு முழுமை, பாதி, கால், மௌனம் என்று நான்கே நிலைகள். தம்புராவுக்கு அது போதும். தானாக அசையும் ‘வி’ கட்டளையை நம்பாமல் ஒவ்வோர் அசைவையும் கையால் எழுதினால்தான் தோடி தோடியாக இருக்கும். ஒரு காந்தாரத்துக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும். அந்த உழைப்புக்கு அது தகுதியானதுதான்.

கொமடோர் 64-ஐ ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

அதிலிருந்த சிட் (SID) என்ற ஒலி சிப்புக்காக. மற்ற கணினிகளில் ஒலி என்பது எச்சரிக்கை மணிக்கும் வெடிச்சத்தத்துக்கும் மட்டும் என்றிருந்த காலத்தில், பாப் யான்னஸ் என்ற பொறியாளர் ஒரு முழு சிந்தசைசரையே (ஒலியை மின்னணுவால் உருவாக்கும் இசைக்கருவி) சிப்பாக வடிவமைத்தார். அந்தக் கணினி 1982-ல் வந்தது. குரல்கள் மூன்றுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முக்கோணம், ரம்பம், பல்ஸ், இரைச்சல் என நான்கு அலைகள். பல்ஸின் அகலத்தை நினைத்தபடி நகர்த்தலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஒலியை வடிகட்டி நிறம் மாற்றும் ஓர் அனலாக் ஃபில்டர். அந்த ஃபில்டர் சிப்புக்குச் சிப் கொஞ்சம் மாறும். ஒரே பாட்டு இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக ஒலித்திருக்கிறது. யான்னஸ் பிறகு என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

கணினியில், சிப்பின் ஒலியைப் போலச் செய்யும் பிளக்-இன் மென்பொருளை வைத்துச் செய்தால் அது சிப்டியூனா?

இதில் சண்டையே நடக்கும். அசல் சிப்பில் ஓடாத எதையும் ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து வேறு. கருவி அசலா என்பதைவிட எல்லைகளுக்குள் நின்று எழுதினோமா என்பதுதான் முக்கியம். 2014-ல் வந்த ஷவல் நைட் விளையாட்டுக்கு ஜேக் காஃப்மன் அமைத்த இசை, கணினியில் ஃபேமிடிராக்கரில் எழுதப்பட்டது. ஆனால் பழைய நின்டெண்டோ கருவியும், கொனாமி என்ற விளையாட்டு நிறுவனத்தின் விஆர்சி6 என்ற கூடுதல் சிப்பும் தரும் சேனல்களைத் தவிர வேறு எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இசையில் ஒழுங்கு இருக்கிறது. ஐம்பது டிராக்குகளுக்கு மேல் ஒரு சதுர அலையை (50 சதவீதப் பல்ஸை)த் தூவிவிட்டு அதைச் சிப்டியூன் என்று சொன்னால்தான் எனக்கு வருத்தம்.

இதெல்லாம் பழைய நினைவுகளில் மூழ்குவதுதானே?

இல்லை. 2012-ல் வந்த சூப்பர் ஹெக்ஸகன் விளையாட்டின் இசையைக் கேளுங்கள். வட அயர்லாந்தைச் சேர்ந்த சிப்செல் கேம்பாயில் செய்தது. எண்பதுகளின் எந்த விளையாட்டிலும் அப்படி ஓர் இசை இருந்ததில்லை. அது முழுக்க முழுக்கத் தன் காலத்து நடன இசை. வீணையில் புதிதாக ஒரு கீர்த்தனை வாசித்தால் அதைப் பழைய நினைவு என்று யாரும் சொல்வதில்லை. கேம்பாயையும் ஒரு வாத்தியமாகப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தொடங்க எவ்வளவு செலவாகும்?

ஒன்றுமே ஆகாது. ஃபேமிடிராக்கர், ஃபர்னஸ் இரண்டும் இலவசம். சாதாரணக் கணினி போதும். ஃபர்னஸில் கேம்பாய், நின்டெண்டோ, கொமடோர் என்று பல சிப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு பாட்டை முடிக்கும் வரை மாறாதீர்கள். அசல் கேம்பாயை அதற்குப் பிறகு வாங்கினால் போதும். வாங்கினால் இரண்டைக் கவனியுங்கள். கேசட்டில் பாட்டைச் சேமிப்பது பெரும்பாலும் ஒரு சிறு பேட்டரிதான். அது தீர்ந்தால் பாட்டும் போய்விடும், எனவே அடிக்கடி கணினிக்கு நகலெடுங்கள். திரைக்குப் பின்விளக்குப் பொருத்தினால் ஒலியில் சீறல் சேரக்கூடும். பொருத்துபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மேடையில் எப்படி?

இரண்டு கேம்பாய்களைக் கேபிளால் இணைத்தால் ஒரே தாளத்தில் ஓடும்; எட்டு சேனல். ஒலியை உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே தனிக் கம்பியால் வெளியே எடுப்பது நல்லது, சீறல் குறையும். மேடையின் ஒலியமைப்பாளரிடம் உயர் அதிர்வெண்ணைச் சற்று அடக்கச் சொல்லுங்கள். பெரிய ஸ்பீக்கரில் சதுர அலை காதை அறுக்கும்.

பழைய கேம் பாட்டுகளை மறுபடி வாசித்து வெளியிடலாமா?

மெட்டுக்கு உரிமையாளர் உண்டு. பாணிக்கு இல்லை. கேம்பாய் டெட்ரிஸில் வரும் புகழ்பெற்ற மெட்டு ரஷ்ய நாட்டுப்பாடல்; அந்த மெட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது. மற்றவற்றுக்கு அனுமதி தேவை. உங்கள் சொந்த உருவாக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். பின்லாந்துக் கலைஞர் ஒருவரின் அமிகா பாட்டு, நார்வேக்காரர் ஒருவரின் கொமடோர் வடிவம் வழியாக ஒரு பெரிய பாப் பாடலில் பயன்படுத்தப்பட்டது என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2012-ல் மேல்முறையீட்டிலும் அது தோற்றது. காரணம் இசை ஒற்றுமை அல்ல, பதிப்புரிமைப் பதிவு தொடர்பான சிக்கல். கோப்புகளை அவற்றின் தேதியோடு வைத்திருங்கள். எங்கே எப்போது வெளியிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.

முதலில் எதைக் கேட்பது?

1978-ன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். நான்கே ஸ்வரங்கள் இறங்கி இறங்கி வரும். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். விளையாட்டும் இசையும் ஒன்றாக மூச்சு வாங்குவதை அங்கே கேட்கலாம்.

1985-ல் கோஜி கோண்டோ அமைத்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். பதிவைக் கேட்காமல் விளையாடிக்கொண்டே கேளுங்கள். தாவும்போதும் காசு எடுக்கும்போதும் பின்னணியிலிருந்து ஒரு குரல் கணநேரம் மறையும். அந்தச் சத்தத்துக்காகச் சேனல் கடன் போயிருக்கிறது.

அதே ஆண்டு ராப் ஹப்பர்ட் கொமடோர் 64-க்காகச் செய்த மான்டி ஆன் த ரன். மூன்றே குரலில் ஏறத்தாழ ஆறு நிமிடம். நடுவில் வரும் தனி வாசிப்பில் ஸ்வரங்களை எப்படி வளைக்கிறார் என்று கவனியுங்கள்.

அதன் பிறகு கொனாமியின் அகுமாஜோ டென்செட்சு, 1989. ஜப்பானியக் கேசட்டில் விஆர்சி6 சிப் இருந்ததால் கூடுதலாக இரண்டு பல்ஸும் ஒரு ரம்ப அலையும் கிடைத்தன. அமெரிக்காவில் கேசில்வேனியா 3 என்ற பெயரில் வந்தபோது அந்த வசதி இல்லை. எட்டு சேனல் இசையை ஐந்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து, ஹெட்போனில், ஒரே பாட்டாக எடுத்துக் கேளுங்கள். எதை விட்டார்கள், எதை விட மனமில்லாமல் வேறு சேனலுக்கு மாற்றினார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால், நான் இதுவரை சொன்னதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.